நியூட்ரான் ஊற்றுகளின் சக்தி நிறமாலை: அளக்கும் முறைகளும் அவற்றின் பயனும்

பெங்களூரு நகரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கும் கண்ணுக்குப் புலனாகாத நுண்துகள்களின் ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பு நெடுநாளையது. 1939-ஆம் ஆண்டில் விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்த ஹோமி பாபா, உலகப் போர் மூண்டமையால் இங்கிலாந்துக்குத் திரும்ப இயலாமல் அக்கழகத்தில் பணியேற்றார். சர் சி. வி. ராமன் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய காலம் அது. அங்கே பாபா அமைத்த காஸ்மிக் கதிர் ஆராய்ச்சிப் பிரிவே பின்னர் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்துக்கு வித்தாயிற்று. 1945-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அந்நிலையம் பெங்களூருவில்தான் தொடங்கியது; அவ்வாண்டின் இறுதியில் பம்பாய்க்கு மாறிச் சென்றது.

அதே கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள், அண்மைக் காலத்தில் பிரிட்டிஷ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கர்நாடகத்தின் தென்பகுதி வயல்களில் வேறொரு வகையில் காஸ்மிக் கதிரைப் பயன்படுத்தியுள்ளனர். வானிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களால் காற்றிலும் மண்ணிலும் நியூட்ரான்கள் தோன்றுகின்றன. மண்ணில் ஈரம் மிகுந்தால், நீரிலுள்ள ஹைட்ரஜன் அந்நியூட்ரான்களின் வேகத்தை விரைவில் தணித்துவிடும். நிலத்துக்கு மேலே எஞ்சும் வேக நியூட்ரான்களின் எண்ணிக்கை குறையும். அவற்றை எண்ணிப் பார்த்து மண்ணின் ஈரத்தைக் கணிக்கின்றனர்.

வயலிலும் சாலைப் பணியிலும் பயன்படும் நியூட்ரான் ஈரமானி என்னும் சிறு கருவியின் தத்துவமும் இதுவே. ஆனால் அது வானத்தை எதிர்பார்த்து நிற்பதில்லை. நியூட்ரான்களை வெளியிடும் கதிரியக்கப் பொருளொன்றைத் தன்னுள்ளே கொண்டுள்ளது. அப்பொருளை ‘நியூட்ரான் ஊற்று’ என்று இக்கட்டுரையில் குறிப்போம். இத்தகைய ஊற்றுகள் கல்லூரி ஆய்வுக்கூடங்களிலும், எண்ணெய்க் கிணறுகளை ஆராயும் பணியிலும், அணு உலைகளை இயக்கத் தொடங்கும்போதும் பயன்படுகின்றன.

ஓர் ஊற்றைப் பற்றி நாம் முதலில் கேட்கும் கேள்வி, ‘இது விநாடிக்கு எத்தனை நியூட்ரான்களை வெளியிடுகிறது?’ என்பது. அதற்கு விடை கிடைத்தவுடன் எல்லாம் தெரிந்துவிட்டதாகக் கருதுவது இயல்பு. ஆனால் அவ்விடை பாதி விடையே. அந்நியூட்ரான்கள் எவ்வெச் சக்தியுடன், எவ்வெவ்விகிதத்தில் வெளிவருகின்றன என்பதையும் அறிந்தாலன்றி, கருவியின் அளவு சரியா என்றும், அருகில் நிற்பவருக்கு எவ்வளவு தீங்கு என்றும் கூற முடியாது. இப்பங்கீட்டையே ‘சக்தி நிறமாலை’ என்கிறோம். வெயிலை முப்பட்டகம் பல நிறங்களாகப் பிரித்துக் காட்டுவதுபோல், நியூட்ரான் கூட்டத்தைச் சக்திவாரியாகப் பிரித்துக் காட்டுவது அது.

ஊற்று எவ்வாறு அமைந்தது?

இன்று பெரிதும் வழக்கிலுள்ளது அமெரிசியம்–பெரிலியம் ஊற்று. அமெரிசியம் 241 என்னும் ஐசோடோப்பு ஆல்பா துகள்களை வெளியிடுவது. அதன் ஆக்ஸைடுத் தூளைப் பெரிலியத் தூளுடன் நன்கு கலந்து, அழுத்தி வில்லையாக்கி, துருவேறா எஃகுக் குப்பியில் இட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக இரு உறைகள் அமையும்படி பற்றவைத்து மூடுகின்றனர். ஆல்பா துகள் ஒன்று பெரிலிய அணுக்கருவைத் தாக்கி அதனுள் புகுமாயின், அது கார்பன் அணுக்கருவாக மாறி ஒரு நியூட்ரானை வெளிவிடும். இது அரிதாகவே நிகழும். 10 லட்சம் ஆல்பா துகள்களுக்கு ஏறத்தாழ 60 நியூட்ரான்களே கிடைக்கும். எனினும், ஒரு கியூரி அளவுள்ள அமெரிசியம் விநாடிக்கு 3,700 கோடி ஆல்பா துகள்களை வெளியிடுவதால், விநாடிக்குச் சுமார் 22 லட்சம் நியூட்ரான்கள் வெளிவருகின்றன.

அமெரிசியம் 241-இன் அரை ஆயுள் 432 ஆண்டுகள். எனவே இன்று வாங்கிவைத்த ஊற்று, 100 ஆண்டுகள் கழிந்தபின்னும் தன் வலிமையில் 85 விழுக்காட்டைக் காத்திருக்கும். முற்காலத்தில் பயன்பட்ட பொலோனியம்–பெரிலியம் ஊற்றோ 138 நாள்களில் பாதியாகிவிடும். கலிபோர்னியம் 252 மற்றொரு வகை. அதன் அணுக்கரு தானாகவே பிளவுபட்டு நியூட்ரான்களை வெளியிடுகிறது. அதன் அரை ஆயுள் சற்றேறக்குறைய 2 ஆண்டு 8 மாதம். 10 ஆண்டுகளில் முன்னிருந்த வலிமையில் 7 விழுக்காடே எஞ்சும். ஆண்டிமனி–பெரிலியம் ஊற்று மூன்றாம் வகை. இதில் ஆல்பா துகளுக்குப் பதிலாக ஆண்டிமனி 124-இன் காமா கதிர் பெரிலியத்திலிருந்து நியூட்ரானைப் பெயர்த்தெடுக்கிறது. கல்பாக்கத்தில் 1985-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் முதன்முதலாக இயங்கிய வேக ஈனுலைச் சோதனை உலையில் இவ்வகை ஊற்றுப் பயன்படுகிறது.

ஒரே சக்தியுடன் வெளிவராதது ஏன்?

நியூட்ரானின் சக்தியை எலெக்ட்ரான் வோல்ட் என்னும் அலகால் குறிப்பர். 10 லட்சம் எலெக்ட்ரான் வோல்ட் ஒரு மெகா எலெக்ட்ரான் வோல்ட் ஆகும், இதனை மெ.எ.வோ. எனச் சுருக்கி எழுதுவோம்.

அமெரிசியத்தின் ஆல்பா துகள்கள் ஏறத்தாழ 5.5 மெ.எ.வோ. சக்தியுடன் புறப்படுகின்றன. அவற்றுக்கும் பெரிலியத்துக்கும் நிகழும் வினை மேலும் 5.7 மெ.எ.வோ. சக்தியைத் தருகிறது. இவ்விரண்டையும் கூட்டி, கார்பன் அணுக்கரு பின்வாங்குவதற்காகும் சிறு செலவைக் கழித்தால், நியூட்ரானுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச சக்தி ஏறத்தாழ 11 மெ.எ.வோ. எனத் தெரிகிறது. ஆனால் எல்லா நியூட்ரான்களும் உச்ச சக்தியைப் பெறுவதில்லை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, ஆல்பா துகள் தூளினூடே செல்கையில் வழிநெடுகச் சக்தியை இழக்கிறது. பெரிலியத்தைச் சந்திக்கும்போது அதனிடம் முழுச் சக்தி இருக்கலாம்; பாதியே இருக்கலாம். இரண்டாவது, நியூட்ரான் எத்திசையில் வெளிப்படுகிறது என்பதைப் பொறுத்தும் அதன் சக்தி மாறும். ஆல்பா துகள் வந்த திசையிலேயே முன்னோக்கிச் செல்வது மிகுதியும், பின்னோக்கிச் செல்வது குறைவும் பெறும். மூன்றாவது, எஞ்சும் கார்பன் அணுக்கரு எப்போதும் அமைதி நிலையில் இருப்பதில்லை. பல வேளைகளில் அது 4.44 மெ.எ.வோ. சக்தியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பின்னர் அதைக் காமா கதிராக வெளியிடுகிறது. அவ்வேளைகளில் நியூட்ரானின் பங்கு அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

இவற்றின் விளைவாக, நிறமாலையை வரைந்து பார்த்தால் தாழ்ந்த சக்தியிலிருந்து 11 மெ.எ.வோ. வரை மேடுபள்ளங்களுடன் நீண்ட ஒரு வரைகோடு தோன்றும். 3 மெ.எ.வோ. அருகிலும் 5 மெ.எ.வோ. அருகிலும் மேடுகள் காணப்படும். சராசரிச் சக்தி ஏறத்தாழ 4 மெ.எ.வோ. கலிபோர்னியத்தின் நிறமாலையோ மேடுபள்ளமின்றி ஒரே வளைவாக எழுந்து தாழும். அதன் சராசரி ஏறத்தாழ 2.1 மெ.எ.வோ. ஆண்டிமனி–பெரிலியத்தின் நியூட்ரான்கள் பெரும்பாலும் ஒரே சக்தியின, அது 0.024 மெ.எ.வோ. அளவே. மூன்றும் நியூட்ரான் ஊற்றுகளே; ஆயினும் அவை வெளியிடுவன வெவ்வேறு இயல்பினவாகும்.

மேலும், ஒரே வகையைச் சேர்ந்த இரு ஊற்றுகளின் நிறமாலைகளும் முற்றும் ஒத்திரா. தூளின் பருமன், கலவையின் செம்மை, குப்பியின் கனம் ஆகியவற்றுக்கேற்பச் சிறு வேறுபாடுகள் நேரும். ஆகவே ஏட்டிலுள்ள வரைகோட்டை மட்டும் நம்பாமல், ஊற்றையே அளந்து பார்க்கும் அவசியம் ஏற்படுகிறது.

முதல் அளவீடு

நியூட்ரானுக்கு மின்னேற்றமில்லை. ஆகையால் அது வாயுவை அயனியாக்குவதில்லை. காந்தப் புலத்தில் வளைவதுமில்லை. அதன் சக்தியை நேராக அளக்க வழியேயில்லை. அது தாக்கிய மற்றொரு துகளின் ஓட்டத்தைக் கண்டு ஊகித்தறிய வேண்டியதே. உண்மையில் நியூட்ரானைக் கண்டுபிடித்ததே இத்தகைய ஓர் அளவீட்டினால்தான்.

1932-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக், பொலோனியத்தின் ஆல்பா துகள்களைப் பெரிலியத்தின்மீது செலுத்தினார். அதிலிருந்து புறப்பட்ட புலனாகாக் கதிர், பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களை வெளியே தள்ளியது. அப்புரோட்டான்களின் உச்ச வேகம் விநாடிக்கு 330 கோடி செ.மீ. எனவும், அதே கதிரால் தள்ளப்பட்ட நைட்ரஜன் அணுக்களின் உச்ச வேகம் விநாடிக்கு 47 கோடி செ.மீ. எனவும் அவர் கணக்கிட்டார்.

இவ்விரு எண்களிலிருந்து விடையைக் காண்பது பள்ளி மாணவர்க்கும் இயலும். நேருக்கு நேர் மோதும்போது, தாக்கப்பட்ட துகள் பெறும் வேகம், இரு துகள்களின் நிறைகளின் கூட்டுத்தொகைக்கு எதிர்விகிதத்தில் அமையும். புரோட்டானின் நிறை 1, நைட்ரஜனின் நிறை 14. தெரியாத துகளின் நிறையை ‘நி’ என்க. ‘நி’யுடன் 14-ஐக் கூட்டி, அதை ‘நி’யுடன் 1-ஐக் கூட்டி வரும் தொகையால் வகுத்தால், ஈவு 330-ஐ 47-ஆல் வகுத்த ஈவுக்குச் சமமாக வேண்டும். அது ஏறத்தாழ 7 ஆகும். ஆகவே ‘நி’ 1-ஐவிடச் சற்று மிகுதி. புரோட்டானையொத்த நிறையுடையதும் மின்னேற்றம் அற்றதுமான துகள் ஒன்று உண்டு என்பது இவ்வாறு நிலைநாட்டப்பெற்றது. இக்கணக்கைக் கரும்பலகையில் செய்து காட்டினால், மோதல் விதிகளின் பயன் மாணவர் மனத்தில் ஆழப் பதியும்.

பின்வாங்கும் புரோட்டான்கள்

பின்னர் வந்த முறைகள் பலவும் சாட்விக்கின் வழியையே தொடர்ந்தன. நியூட்ரானும் புரோட்டானும் ஏறத்தாழ ஒரே நிறையுடையவை. நேருக்கு நேர் மோதினால் நியூட்ரானின் முழுச் சக்தியும் புரோட்டானுக்குச் சென்றுவிடும். பக்கவாட்டில் மோதினால், புரோட்டான் விலகிச் செல்லும் கோணத்தின் கோசைனை வர்க்கமாக்கி, நியூட்ரானின் சக்தியைப் பெருக்கக் கிடைப்பதே புரோட்டானின் சக்தி. எடுத்துக்காட்டாக, 30 பாகைக் கோணத்தில் சென்ற ஒரு புரோட்டானின் சக்தி 3 மெ.எ.வோ. எனின், அதைத் தாக்கிய நியூட்ரானின் சக்தி 4 மெ.எ.வோ. ஆகும்.

இத்தகைய தடங்களைப் புகைப்படத் தகட்டிலே காணலாம். தகட்டின் பசையிலுள்ள ஜெலட்டினில் ஹைட்ரஜன் உண்டு. நியூட்ரானால் தாக்கப்பட்ட புரோட்டான் பசையினுள் ஓடும் வழியில் வெள்ளி மணிகள் வரிசையாகத் தோன்றும். தகட்டைக் கழுவியபின் நுண்பெருக்கியில் வைத்து, தடத்தின் நீளத்தையும் கோணத்தையும் அளப்பர். 5 மெ.எ.வோ. புரோட்டானின் தடம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. நம்பத்தகுந்த நிறமாலை ஒன்றைப் பெற இத்தகைய தடங்களை ஆயிரக்கணக்கில் அளக்கவேண்டும். பொறுமையே இம்முறையின் முதல் கருவி. நம் நாட்டில் கல்கத்தாவைச் சேர்ந்த டி. எம். போஸும் விபா சௌதரியும் 1940-களின் தொடக்கத்தில் டார்ஜிலிங் முதலிய உயர்ந்த மலையிடங்களில் புகைப்படத் தகடுகளை வைத்துக் காஸ்மிக் கதிர்த் துகள்களின் தடங்களை ஆராய்ந்தனர். உலகில் இத்துறையில் முன்னோடியாக நின்றவர்களுள் அவர்களும் அடங்குவர்.

இப்பொழுது தகடுகளின் இடத்தைப் பெரும்பாலும் ஒளிப்பொறி எழுப்பும் கரிமத் திரவங்களும், ஸ்டில்பீன் போன்ற படிகங்களும் பெற்றுள்ளன. அவற்றினுள் புரோட்டான் ஓடும்போது சிறு ஒளிப்பொறி தோன்றும். பொறியின் அளவிலிருந்து சக்தியைக் கணிப்பர். இங்கே ஓர் இடையூறு உண்டு. ஊற்றிலிருந்து வரும் காமா கதிரும் ஒளிப்பொறியை எழுப்பும். நல்ல வேளையாக, புரோட்டானால் எழும் ஒளி சற்று மெதுவாக அடங்குகிறது. காமா கதிரால் எழுவது விரைவில் அடங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கொண்டு மின்னணுச் சாதனங்கள் இரண்டையும் பிரித்தெடுக்கின்றன.

ஓட்டத்தைக் காலத்தால் அளத்தல்

மிகவும் நேரிய முறை ஒன்றுண்டு. ஓட்டப் பந்தயத்தில் தூரத்தையும் நேரத்தையும் கொண்டு வேகத்தை அறிவதுபோல், நியூட்ரான் குறித்த தூரத்தைக் கடக்கும் நேரத்தை அளந்தால் அதன் சக்தி தெரிந்துவிடும். 1 மெ.எ.வோ. நியூட்ரான் ஒரு மீட்டர் தூரத்தை 72 நானோ விநாடியில் கடக்கும்; 4 மெ.எ.வோ. நியூட்ரான் அதன் பாதியான 36 நானோ விநாடியில் கடக்கும். நானோ விநாடி என்பது விநாடியில் 100 கோடியில் ஒரு பங்கு.

பந்தயத்தில் புறப்படும் நேரத்தை அறிவிக்க வேட்டுச் சத்தம் வேண்டும். அமெரிசியம்–பெரிலியம் ஊற்று இடைவிடாது நியூட்ரான்களைப் பொழிவது. எந்த நியூட்ரான் எப்பொழுது புறப்பட்டது என்று எவ்வாறு அறிவது? முன்னர்க் கூறிய 4.44 மெ.எ.வோ. காமா கதிர் இங்கே உதவிக்கு வருகிறது. அது நியூட்ரானுடன் ஒரே கணத்தில் பிறந்து, ஒளியின் வேகத்தில் செல்வது. ஊற்றின் அருகிலுள்ள கருவி காமா கதிரைக் கண்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும். தொலைவிலுள்ள கருவி நியூட்ரானைக் கண்டதும் நிற்கும்.

ஆயினும் இம்முறையின் எல்லையையும் மறத்தலாகாது. காமா கதிருடன் சேர்ந்து பிறந்த நியூட்ரான்களை மட்டுமே இது காணும். அவை மொத்தத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே. மற்றவற்றுக்குப் புறப்பாட்டை அறிவிக்கும் சைகை இல்லை. உச்ச சக்தியுடைய நியூட்ரான்கள் அவற்றுள் அடங்கியவை. எனவே ஒரு முறையால் கிட்டாததை மற்றொரு முறையால் நிரப்ப வேண்டியுள்ளது.

பாலிதீன் கோளங்கள்

1960-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிராம்பிளெட், யூயிங், பானர் ஆகிய மூவர் எளிய முறை ஒன்றை வெளியிட்டனர். மெதுவான நியூட்ரான்களை மட்டும் காணவல்ல சிறு கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி 2 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை விட்டமுள்ள பாலிதீன் கோளங்களை ஒவ்வொன்றாக மாட்டி எண்ணுவதே அம்முறை. பாலிதீனில் ஹைட்ரஜன் நிறைய உண்டு. ஹைட்ரஜனுடன் ஒவ்வொரு மோதலிலும் நியூட்ரான் சராசரியாகத் தன் சக்தியில் பாதியை இழக்கும், 2 மெ.எ.வோ. நியூட்ரான் மெதுவான நிலையை அடையச் சராசரி 18 மோதல்கள் போதும். கார்பனுடன் மட்டும் மோதுமாயின் 115 மோதல்கள் வேண்டும். சிறு கோளம் குறைந்த சக்தியுள்ள நியூட்ரான்களையும், பெரிய கோளம் மிகுந்த சக்தியுள்ளவற்றையும் நன்கு தணித்து உட்கருவிக்கு அளிக்கும். தானியத்தைப் பல கண்ணளவுள்ள சல்லடைகளில் சலிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். ஆனால் இச்சல்லடைகளின் கண்கள் கூர்மையாக வரையறுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொரு கோளமும் எல்லா நியூட்ரான்களையும் ஓரளவு காண்கிறது.

ஆகவே கோளங்களின் எண்ணிக்கைகளிலிருந்து நிறமாலையை மீட்டெடுக்கக் கணக்குத் தேவை. விளக்கத்துக்காகச் சில எண்களைக் கற்பனையாகக் கொள்வோம். சிறு கோளம், மெதுவான நியூட்ரான்கள் 100-க்கு 20-ஐயும் வேகமானவை 100-க்கு 2-ஐயும் பதிவதாகவும், பெரிய கோளம் முறையே 4-ஐயும் 16-ஐயும் பதிவதாகவும் வைத்துக்கொள்வோம். சிறு கோளம் 240-உம் பெரிய கோளம் 360-உம் காட்டினால், வந்தவை மெதுவானவை 1,000, வேகமானவை 2,000 என்று இரு சமன்பாடுகளால் உறுதியாகக் கூறலாம். ஆனால் மெதுவானவை, நடுத்தரமானவை, வேகமானவை என மூன்று தொகுதிகள் இருந்து, கோளங்கள் இரண்டே இருப்பின், விடைகள் பல கிடைக்கும். நடைமுறையில் கோளங்கள் ஏறத்தாழ பத்து. அறியவேண்டிய சக்திப் பிரிவுகளோ பல பத்துகள்.

இச்சிக்கலைத் தீர்க்க, ‘நிறமாலை இவ்வாறு இருக்கக்கூடும்’ என்று முன்னறிவால் ஓர் உத்தேச வடிவத்தைக் கணினிக்குத் தருகின்றனர். கணினி அதைச் சிறிது சிறிதாகத் திருத்தி, எண்ணிக்கைகளுடன் பொருந்தச் செய்கிறது. இங்குதான் ஆராய்ச்சியாளர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். தாம் இட்ட உத்தேசத்தையே கருவி கண்ட உண்மையாகக் கருதிவிடும் பிழை எளிதில் நேரும். கோளங்களால் 3 மெ.எ.வோ. மேட்டையும் 5 மெ.எ.வோ. மேட்டையும் தனித்தனியே பிரித்தறிய இயலாது; அவை விடையில் தோன்றினால், உத்தேசத்திலிருந்து வந்தவையாகவே இருக்கும். வேறுபட்ட இரு உத்தேசங்களிலிருந்து தொடங்கி ஒரே விடை வருகிறதா என்று சோதிப்பதே தக்க பாதுகாப்பு.

சுவர்களின் குறுக்கீடு

ஊற்றிலிருந்து நேரே வரும் நியூட்ரான்களுடன், தரையிலும் சுவரிலும் மோதித் திரும்பியவையும் கருவியை அடைகின்றன. திரும்பியவை மோதலில் சக்தியை இழந்தவை. அவற்றைச் சேர்த்து எண்ணினால், ஊற்றின் நிறமாலைக்குப் பதிலாக அறையின் நிறமாலையே கிடைக்கும். ஆதலால் அளவீட்டைப் பெரிய அறையின் நடுவில், தரையினின்றும் உயர்ந்த மேடையில் செய்வர். பின்னர், ஊற்றுக்கும் கருவிக்கும் இடையே முன்பகுதி இரும்பாலும் பின்பகுதி பாலிதீனாலும் ஆன கூம்பு ஒன்றை வைப்பர். கூம்பு நேரே வருபவற்றைத் தடுத்துவிடும். அப்பொழுது கருவி காட்டுவது திரும்பியவற்றின் எண்ணிக்கை. அதை முதல் எண்ணிக்கையிலிருந்து கழித்தால், எஞ்சுவதே ஊற்றுக்கு உரியது. சாதாரண ஆய்வுக்கூட அறையின் மூலையில் ஊற்றை வைத்து அளந்தவர்களின் முடிவுகள் ஒன்றுக்கொன்று மாறுபடுவதற்கு இக்கழித்தலைச் செய்யாமையே பெரும்பாலும் காரணம்.

அளவு தவறினால் நேர்வது

இவ்வளவு முயற்சியும் எதற்காக என்று களப் பணியாளர் கேட்பது நியாயமே. அதற்கு விடையை ஒரு கணக்கால் காட்டுவோம்.

மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவியில் 40 மில்லி கியூரி அமெரிசியம்–பெரிலியம் ஊற்று இருப்பதாகக் கொள்வோம். அது விநாடிக்குச் சுமார் 88,000 நியூட்ரான்களை வெளியிடும். ஊற்றிலிருந்து ஒரு மீட்டர் ஆரமுள்ள கோளப் பரப்பு ஏறத்தாழ 1,25,700 சதுர செ.மீ. ஆகையால் அத்தூரத்தில் நிற்பவரின்மீது ஒவ்வொரு சதுர செ.மீ. பரப்பிலும் விநாடிக்கு 0.7 நியூட்ரான் வீதம் விழும். அமெரிசியம்–பெரிலியம் நிறமாலைக்கு, சதுர செ.மீ. ஒன்றுக்கு ஒரு நியூட்ரான் விழுந்தால் ஏறத்தாழ 390 பைக்கோ சீவெர்ட் கதிர்வீச்சளவு உண்டாகும். பெருக்கிப் பார்த்தால், கவசமற்ற ஊற்றிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ சீவெர்ட் ஆகிறது. பொதுமக்களுக்கு விதிக்கப்பட்ட ஆண்டு வரம்பு 1,000 மைக்ரோ சீவெர்ட். அங்கே 1,000 மணி நேரம் நிற்பவர் அவ்வரம்பை அடைவார். அரை மீட்டரில் நின்றால் 250 மணி நேரமே போதும்.

இதே எண்ணிக்கையுள்ள நியூட்ரான்கள் முற்றும் மெதுவானவையாக இருப்பின், ஒவ்வொன்றுக்கும் உரிய அளவு ஏறத்தாழ 11 பைக்கோ சீவெர்ட் மட்டுமே. ஆண்டிமனி–பெரிலியம் ஊற்றின் நியூட்ரானாயின் 20 அளவு. எண்ணிக்கை ஒன்றே, தீங்கோ 35 மடங்கு வேறுபடுகிறது. நியூட்ரான்களை எண்ணி மட்டும் பார்த்து, சக்தியை அறியாது தீர்ப்புக் கூறுபவர், தீங்கை 35-இல் ஒரு பங்காகக் குறைத்துக் கூறிவிடலாம்.

கருவிகளுக்கும் இவ்விதி பொருந்தும். பாலிதீன் உறையுடன் கூடிய நியூட்ரான் அளவுமானிகள், இடைப்பட்ட சக்தியுள்ள நியூட்ரான்களுக்கு உண்மையைவிடப் பல மடங்கு மிகுதியாகக் காட்டக்கூடியவை. மாறாக, பணியாளர் அணியும் பதக்கங்களில் வைக்கப்படும் சி.ஆர். 39 என்னும் பிளாஸ்டிக் தகடு, ஏறத்தாழ 0.1 மெ.எ.வோ.-க்குக் கீழ்ப்பட்ட நியூட்ரான்களைப் பெரும்பாலும் பதிவதில்லை. கனத்த கவசத்தின் பின்னே நின்று பணிபுரிபவரை அடையும் நியூட்ரான்களிற் பல அவ்வெல்லைக்குக் கீழ்ப்பட்டவையே. ‘பதக்கத்தில் ஒன்றும் பதியவில்லை’ என்பதால் ‘ஒன்றும் படவில்லை’ என்று கொள்வது தவறு. எந்த நிறமாலையில் கருவி அளவொப்புச் செய்யப்பட்டதோ, அதையொத்த நிறமாலையில்தான் அதன் சொல் செல்லும்.

களப் பணியாளரும் ஆசிரியரும் கருதற்பாலன

நியூட்ரான் கருவியைக் கையாளுவோர் அதன் சான்றிதழில் மூன்றைக் காணுதல் வேண்டும்: எந்த ஊற்றைக் கொண்டு அளவொப்புச் செய்தனர், எந்த நாளில் செய்தனர், அறைச் சுவர்களின் குறுக்கீட்டைக் கழித்தனரா. ஈரமானியைப் பயன்படுத்துவோர், கோலார்ச் செம்மண்ணில் செய்த அளவொப்பைக் கொண்டு வடகர்நாடகக் கரிசல் மண்ணை அளக்கலாகாது. மண்ணிலுள்ள போரான், குளோரின் முதலியவை மெதுவான நியூட்ரான்களை விழுங்குவன. மட்கிய பொருள்களிலும் களிமண்ணிலும் நீரல்லாத ஹைட்ரஜன் உண்டு. மண் மாறினால் அளவொப்பும் மாறவேண்டும். கருவி ஓய்ந்திருக்கும்போதும் ஊற்று ஓய்வதில்லை. அதற்கு விசையை நிறுத்தும் பொத்தான் கிடையாது. ஆதலால் அதைக் கவசத்தினுள் பூட்டி வைத்து, பதிவேட்டில் குறித்து, பயன் முடிந்ததும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி வழங்கியவரிடமே திருப்பி ஒப்படைத்தல் கடமையாகும். 432 ஆண்டு அரை ஆயுளுள்ள பொருள், அதை வாங்கியவரும் அவருக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்றபின்னும் அலமாரியில் விழித்திருக்கும்.

ஆசிரியர்கள் இத்தத்துவத்தை விளக்க ஊற்று ஏதும் வேண்டியதில்லை. ஒரே எடையுள்ள இரண்டு கோலிக் குண்டுகளை மோதவிட்டு, ஒன்று நின்றுவிட மற்றது ஓடுவதைக் காட்டலாம். பின்னர் கோலிக் குண்டைக் கனத்த இரும்புக் குண்டின்மீது மோதவிட்டு, அது சக்தியை இழக்காது திரும்புவதைக் காட்டலாம். ஹைட்ரஜன் ஏன் நியூட்ரானை எளிதில் தணிக்கிறது என்பதும், புரோட்டானின் ஓட்டத்திலிருந்து நியூட்ரானின் சக்தியை எவ்வாறு அறிகிறோம் என்பதும் இவ்விரு காட்சிகளால் விளங்கும்.

புலனாகாத ஒன்றை அளப்போர், தம் கருவி எதைக் காண்கிறது, எதைக் காணத் தவறுகிறது என்பதை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். சாட்விக்கின் மெழுகுத் துண்டு முதல் இன்றைய கோளங்கள் வரை, ஒவ்வொரு முறையும் ஒரு பகுதியையே காட்டிற்று. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சரிபார்த்ததனாலேயே இன்று நம்மிடம் நம்பத்தக்க நிறமாலைகள் உள்ளன. அளவுமானியின் முள் காட்டும் எண்ணைப் பதிவேட்டில் எழுதும் ஒவ்வொருவரும், அவ்வெண் எந்த நிறமாலையை நம்பி நிற்கிறது என்பதையும் அதனருகே குறித்து வைப்பாராயின், அருகில் பணிபுரிபவருக்குச் செய்யத்தக்க உறுதியான பாதுகாப்பு அதுவே ஆகும்.